உலை கொதிக்கும் நேரத்தில் வின்னிபெக்

திருச்சிக்கும் கனடாவின் வின்னிபெக்குக்கும் நடுவே பூமி எவ்வளவு வளைந்து கிடக்கிறதோ அவ்வளவும் அப்படியே கிடக்க, கடல் சுருங்காமல், மலை நகராமல், வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாமல், அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் புதிதாக விட்ட நேர் விமானம் மட்டும் ஒரு உலை கொதித்து அரிசி வேகும் நேரத்துக்குள் போய் இறங்கத் தொடங்கியது, ஆலங்குறிச்சியில் குறுவை அறுப்பு முடிந்து ரோட்டோரமெல்லாம் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாதத்தில்.

முதல் நாள் ஏறியவர்கள் பதினேழு மணி நேரத்துக்குத் தயாராகத்தான் ஏறினார்கள். கழுத்துக்குத் தலையணை, காலுக்குச் சாக்ஸ், மடியில் புளிசாதப் பொட்டலம், கால் வீங்கினால் தடவ ஒரு டப்பா தைலம். பணிப்பெண் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பாதி வரிசைகூட வந்து சேரவில்லை, இறங்கப்போகிறோம், பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது. ஆலங்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் பக்கிரிசாமி, ஏதோ கோளாறில் திருச்சிக்கே திருப்பிவிட்டார்கள் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு எழுந்தார். எழுந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இருட்டில் ஏறியிருந்தார்கள், வெளியே காலை வெயில் அடித்தது. மகள் சிவகாமி வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோது புளிசாதத்தில் இன்னும் சூடு இருந்ததாம். அவர் அதைத்தான் எல்லோரிடமும் சொன்னார், விமானத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

டெல்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் கருவிகளோடு வந்து அளந்தார்கள். தூரம் சரியாக இருந்தது, கடிகாரம் சரியாக இருந்தது, விமானத்தில் செலவான எண்ணெய் மதுரைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான் இருந்தது. விமானியைக் கேட்டதற்கு, "ஏறுனோம், மேகம் வந்துச்சு, மேகம் போச்சு, இறங்குனோம்" என்றார். வேறெந்த ஊரிலிருந்து வேறெந்த ஊருக்குப் பறந்தாலும் பழைய நேரம்தான் ஆனது. வந்தவர்கள் நாலைந்து நாள் தங்கி, தலைவாழை இலையில் சாப்பிட்டு, கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆலங்குறிச்சிக்கு அளந்துகொண்டிருக்க நேரமில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை அந்தக் குளிரூரில் இருந்தது. அங்கே வேலை முடித்து அந்தியில் விமானம் ஏறினால் இங்கே காலை இட்டிலிக்கு இறங்கலாம், இங்கே ராச்சாப்பாடு முடித்து ஏறினால் அங்கே பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடலாம் என்று ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மாவுப் பாத்திரம் போனது, முருங்கைக்கீரைக் கட்டு போனது, அளவு சரியில்லாத ரவிக்கை அங்கிருந்து வந்து தையற்கடையில் பிரித்துத் தைத்து அன்றைக்கே திரும்பிப் போனது. ரெஜினா டீச்சரின் மகன் முடிவெட்டிக்கொள்ள மட்டும் வந்துபோனான். மருமகள்களின் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துக் குறை சொல்ல மாமியார்கள் கிளம்பிப் போனார்கள், போன வேகத்தில் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள். விசா கொடுக்கிறவர்கள் அலுத்துப்போய், சின்னக் குழந்தைகளின் கையில்கூட முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். கல்யாணத் தரகர்தான் இடிந்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று அவர் சொன்னால், "வின்னிபெக்தானே, பக்கத்துல இருக்கு" என்று பெண் வீட்டில் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இப்படி எல்லாம் கிட்டே வந்த அந்த மாதத்தில்தான் மதிவாணனுக்குச் சங்கடம் ஆரம்பமானது.

மதிவாணன் ஆலங்குறிச்சி தையல்நாயகியின் ஒரே பிள்ளை. வின்னிபெக்கில் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. மனைவி சுபா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் இனியா ஆறாவது படித்தாள். வெளிநாடு போய்ப் பதினாலு வருஷத்தில் அவன் ஊருக்கு வந்தது மூன்று முறை. அப்பா கலியமூர்த்தி செத்தபோது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தான். ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. எவ்வளவு தூரம், பாவம், புள்ள என்ன பறந்தா வரும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பறந்துதான் வரவேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

போனில் அவன் நல்ல மகன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். மாத்திரை போட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் இன்னும் வேலியை நகர்த்திக்கொண்டிருக்கிறாரா என்று எல்லாம் நினைவு வைத்துக்கொண்டு கேட்பான். அவள் சிரிக்கும்படி ஏதாவது சொல்வான். வைக்கும்போது, "பாக்கணும் போல இருக்கும்மா, என்ன பண்றது, இவ்ளோ தூரத்துல கெடக்குறோம்" என்பான். அது அவன் மனசிலிருந்துதான் வரும்.

விமானம் கிட்டே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பேச்சு முடியும் இடத்தில் வழக்கமாகச் சொல்லும் அந்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அடுத்த வாரம் வரேம்மா," என்றான் அவன்.

"வேல இருந்தா பாத்துட்டு வாப்பா. அவசரமில்ல."

அடுத்த வாரம் ஆபீசில் வேலை என்றான். அதற்கடுத்த வாரம் காரில் ஏதோ ரிப்பேர் என்றான். பிறகு இனியாவுக்கு நீச்சல் வகுப்பு, பிறகு லேசாகத் தலைவலி, பிறகு வீட்டில் குழாய் ஒழுகுகிறது. முன்பு சொன்ன சாக்குகளுக்கெல்லாம் ஒரு கடலும் இரண்டு கண்டமும் பின்னால் நின்றன, இப்போது சொன்னவை அடுத்த தெருவில் இருக்கிறவன் சொல்லும் சாக்குகளாகச் சிறுத்துப் போயிருந்தன. சொல்லும்போதே அவனுக்குக் காது சூடாகும். அம்மாவிடம் அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை. பழைய சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை, மாமியார் மருமகள் தகராறுகூட இல்லை. சுபாதான், "நாம மட்டும்தாங்க போகல, ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவோம்" என்று இரண்டு தடவை சொன்னாள். போகலாம் என்றுதான் அவனும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைத்தான். போகாமல் இருந்த வாரங்கள் ஒவ்வொன்றும் அடுத்த வாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் சொல்ல எதுவுமில்லாமல் அம்மாவின் முன்னால் போய் நிற்பதை நினைத்தால், மறுபடி எழுந்து குழாயை முடுக்கப் போய்விடுவான்.

ஆலங்குறிச்சியில் காலை ஆறரை டவுன் பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கம்பளிக் கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, அவரவர் வீட்டுக்கு இட்டிலி சாப்பிடப் போவார்கள். அந்த நேரத்தில் தையல்நாயகி கொல்லைப் பக்கம் போய்விடுவாள், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டுவிட்டால், "இந்த வாரம் வரேன்னுருக்கான்" என்பாள். கேட்கிறவர்களும் கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்டதைவிட அவளுக்கு அதுதான் கூச்சமாக இருந்தது.

கார்த்திகை மாதம் பிறந்த சமயம், ஞாயிற்றுக்கிழமை வரக் காத்திராமல் அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, பக்கிரி நாளைக்கு ராத்திரி ஏறி அங்க வருதாம். நானும் கூட வந்து ஒரு நாழி உன்னப் பாத்துட்டு, மறு விமானத்துல அதோடயே திரும்பிடுறேன். ஒனக்கு ஒரு செரமமும் குடுக்க மாட்டேன்."

மதிவாணன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுதான் பின்னால் நினைத்துப் பார்த்தபோதெல்லாம் அவனைக் குடைந்தது. வாய் தானாகச் சொன்னது:

"நாளைக்காம்மா? நாளைக்கு நான் டொரண்டோவுலல்ல இருப்பேன். ஆபீஸ் வேலயா. நீ எதுக்கு அலையுற, அடுத்த வாரம் நானே வரேன்."

"சரிப்பா. ஒடம்பப் பாத்துக்க."

அவள் வராமல்தான் இருந்திருப்பாள். பக்கிரிசாமிதான், "அவன் இல்லாட்டி என்னக்கா, மருமவ இருக்கும், பேத்தி இருக்கும், வூட்டையாவது கண்ணால பாத்துட்டு வாங்க. ஊர்ல எல்லாப் பொம்பளையும் பாத்தாச்சு, நீங்க மட்டும் பாக்கல" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வின்னிபெக்கில் இறங்கி, மருமகனின் காரில் வந்து, மதிவாணன் வீட்டு வாசலில் அவளை விட்டுவிட்டு, மகள் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். வீடு பூட்டிக் கிடக்கும் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது.

சுபா வேலைக்குப் போயிருந்தாள். இனியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். மதிவாணன் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அந்த வீட்டு மணியில் ஒரு கேமரா உண்டு, மணியை அமுக்கினால் வாசலில் நிற்பவர் முகம் அவன் போனிலும் சுபாவின் போனிலும் தெரியும். எடுத்துப் பார்த்தான். திரை முழுக்க அம்மாவின் முகம் இருந்தது.

கலியமூர்த்தியின் பழைய ஸ்வெட்டரைப் புடவைமேல் போட்டு, தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். காலில் சாக்ஸ், அதன்மேல் ரப்பர் செருப்பு. கையில் துணிக்கடைப் பை. இரவு பெய்த பனியை யாரும் இன்னும் தள்ளாததால் படியெல்லாம் வெள்ளையாக இருந்தது. அமுக்கின மணியின்மேல் விரலின் ஈரம் பட்டுவிட்டதோ என்னவோ, முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைக்கும்போது திரை முழுக்கப் புடவைதான் தெரிந்தது. பிறகு கதவைப் பார்த்து, "இனியா... அப்பத்தா வந்துருக்கேன்டி" என்றாள். அந்தக் குரல் போனிலிருந்தும் வந்தது, கதவுக்கு வெளியிலிருந்தும் வந்தது.

மதிவாணன் எழுந்து கதவுக்குப் பின்னால் வந்து நின்றான். திறக்கத்தான் வந்தான், அதில் சந்தேகமில்லை. தாழ்ப்பாளில் கைவைத்தவனுக்கு டொரண்டோ ஞாபகம் வந்தது. திறந்தால் என்ன சொல்வது. போகவில்லை, ரத்தாகிவிட்டது என்று சொல்லலாம். அப்படியானால் நேற்றே ஏன் போன் பண்ணவில்லை. அவன் அதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டாம் முறை அடித்தது. முதல் மணிக்குத் திறந்திருந்தால் ஒன்றுமில்லை. இரண்டாவதற்கும் குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நேரம் போகப் போக, இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தாய் என்பதற்கும் சேர்த்துப் பதில் வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கடல்களையும் கண்டங்களையும் உலை கொதிக்கிற நேரத்தில் தாண்டி வந்துவிட்டாள் அவள். இரண்டு விரல் கனமுள்ள பலகைக்கு இந்தப் பக்கம் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இப்போது பக்கிரிசாமி வந்துவிடுவார், அழைத்துக்கொண்டு போய்விடுவார், அதுவரைதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அப்போது அவன் கையிலிருந்த போன் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து சுபா. வாசல் முகம் அவள் போனிலும் தெரிந்திருந்தது. சத்தமாக, வீடு முழுக்கக் கேட்கும்படி அடித்தது, ஒருமுறை, இரண்டாம்முறை. மதிவாணன் பதறிப்போய் அதை அமுக்கி வாயடைத்தான்.

மறுபடி வாசல் திரையில் வந்தபோது தையல்நாயகி மணியிலிருந்து கையை எடுத்திருந்தாள். கதவைப் பார்த்தபடி ஓர் அடி பின்னால் போனாள். அதன் பிறகு அவள் மணியை அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பையைப் பக்கத்தில் வைத்து, பனியைக் கையால் ஒதுக்கிவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்தவளை, பக்கத்து வீட்டு லூர்தெஸ் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து எழுப்பினாள். பிலிப்பைன்ஸ்காரி, சுபாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். சுபா அவளுக்குப் போன் பண்ணியிருந்தாள். தான் போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்றித் தையல்நாயகியின் மேல் போர்த்தி, தோளை அணைத்து, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் போகிற வரை மதிவாணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இப்போதாவது கதவைத் திறந்து ஓடலாம் என்று அவன் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அவை அசையவில்லை.

சாயங்காலம் சுபா வந்ததும் ஷூவைக் கழற்றாமல் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க இருந்தீங்க?"

"மீட்டிங்ல. காதுல ஹெட்ஃபோன் போட்டுருந்தேன், கேக்கல."

"நான் பண்ணுன போன யாரு கட் பண்ணுனது?"

அவன் மடிக்கணினியை மூடினான்.

"நான் அங்கருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுருந்தேங்க," என்றாள் சுபா. "உங்க போன் அடிச்சது கேமராவுல எனக்கே கேட்டுச்சு. வாசல்ல நின்ன அத்தைக்குக் கேக்காதா?"

தையல்நாயகி அதற்குள் பக்கிரிசாமியோடு விமானத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சுபா லூர்தெஸ் வீட்டிலிருந்து துணிக்கடைப் பையை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தாள். முறுக்கு, பூண்டு ஊறுகாய், இனியாவுக்கு ஒரு பாவாடைத் துணி, மதிவாணனுக்கு ஒரு குளிர்க்குல்லா, கையால் பின்னினது. இனியா முறுக்கைத் தின்றுகொண்டே, "அப்பத்தா வந்தாங்களா? ஏன் இருக்கல?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆலங்குறிச்சியிலிருந்து பக்கிரிசாமி போன் பண்ணினார். எல்லாம் தெரிந்துபோய்த்தான் பண்ணுகிறார் என்று நினைத்து மதிவாணன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தான்.

"தம்பி, நல்லாருக்கணும்பா நீ," என்றார் பக்கிரிசாமி. "டொரண்டோ போறவன் அம்மா வருதுன்னு போவாம இருந்துட்டியாமே. நான் கூட்டிட்டுப் போவ வந்தப்ப அக்கா ரோட்டுலயே வந்து நின்னுச்சு, உள்ள வந்து ஒரு வார்த்த பேசலாம்னு பாத்தேன், நீ ஏதோ அவசர மீட்டிங்குல உக்காந்துட்டேன்னு அக்கா சொல்லிச்சு. ஊரு பூரா ஒம் பேச்சுதான். மவன் கையால சூடா சமைச்சுப் போட்டான், காலுக்குத் தைலம் தேச்சு வுட்டான், தான் போட்டுருந்த கோட்டையே கழட்டிக் குடுத்தான்னு அந்த நீலக் கோட்ட வெயில்லயும் போட்டுக்கிட்டுல்ல திரியுது."

மதிவாணன் "ம்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் காலையில் லூர்தெஸ் எதிரே வந்தால் அவன் குனிந்துகொள்வான். ஒரு நாள் அவளே கிட்டே வந்தாள்.

"உங்க அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு என்னென்னவோ பேசுனாங்க," என்றாள் அவளுடைய ஆங்கிலத்தில். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. உங்க பேர் மட்டும் புரிஞ்சுது. அதத்தான் நெறைய தடவ சொன்னாங்க."

மார்கழியில் ஒரு நாள், திருச்சியில் ராத்திரி ஏறின விமானம் வின்னிபெக்கில் காலையில் இறங்கவில்லை. மத்தியானமும் இறங்கவில்லை. இரண்டு ஊரிலும் ஆட்கள் விமான நிலையத்தில் கூடி அழுதார்கள், ஆலங்குறிச்சியில் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தார்கள். பதினேழு மணி நேரம் கழித்து அது பத்திரமாக இறங்கியது. ஏறியவர்கள் பசியோடும் வீங்கின காலோடும் தள்ளாடி வெளியே வந்தார்கள், கொண்டுபோன மாவெல்லாம் புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. மறுநாளும் பதினேழு மணி நேரம். அதற்கடுத்த நாளும். போன தூரம் போன மாதிரியே சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு நாள் எல்லோரும் புலம்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு மாதிரி அமைதி வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், அங்கே மருமகள்கள் குளிர்பதனப் பெட்டியை நிம்மதியாகத் திறந்து மூடினார்கள், இங்கே விடிகாலையில் இட்டிலி அவித்து அலுத்துப்போன அம்மாக்கள் இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார்கள். தரகர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போனில் பிள்ளைகள் மறுபடியும், "பாக்கணும் போல இருக்கும்மா, என்ன பண்றது, இவ்ளோ தூரம்" என்றார்கள். "ஆமாப்பா, எவ்ளோ தூரம்" என்று இவர்களும் மனம் குளிர்ந்து சொன்னார்கள்.

மதிவாணன் அந்தச் செய்தியைக் கேட்டபோது அதே சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான். முதலில் அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சொன்னதைச் சுபா கேட்டுவிட்டாள். அடுப்படியிலிருந்து அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ தெரியாத ஆள் அசிங்கமாக ஏதோ செய்தால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படிப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனான்.

வெகுநேரம் கழித்து, "நான் ஊருக்குப் போய்ட்டு வரேன்," என்றான்.

"இப்பவா?"

"ம்."

"போய்ட்டு வாங்க," என்றாள். பெட்டியை அவனே எடுத்து வைத்துக்கொண்டான்.

விமானத்தில் அவன் தூங்கவில்லை. முன்சீட்டு முதுகிலிருந்த திரையில் ஒரு சின்ன விமானம் பெரிய நீலத்தின் மேல் நகராமல் நகர்ந்துகொண்டிருந்தது. சாப்பாடு வந்தது, விளக்கை அணைத்தார்கள், விளக்கைப் போட்டார்கள், மறுபடி சாப்பாடு வந்தது, கீழே பனி போய்க் கடல் வந்து, கடல் போய் ஏதோ நாடு வந்து, அந்த நாட்டுக்கு இரவு வந்தது. அம்மா காலில் விழுந்து இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை உண்டாக்கினான். அது பொய்யாகத் தெரிந்ததால் கலைத்துவிட்டு வேறொன்று உண்டாக்கினான். திருச்சியில் இறங்கும்போது அவனிடம் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை. காலிரண்டும் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை.

ஆறரை டவுன் பஸ்ஸில் அன்றைக்கு இறங்கினவன் அவன் ஒருவன்தான். தூரம் திரும்பி வந்த பிறகு ஆலங்குறிச்சிக்கு வந்த முதல் பிள்ளை அவன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி எழுந்து ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "பாருங்கய்யா, கிட்ட இருந்தப்ப எல்லாப் பயலும்தான் வந்தான். பதினேழு மணி நேரம் உக்காந்து வந்துருக்கு பாரு, இது புள்ள!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே முன்னால் போனார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியோடு நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். வீங்கின காலோடு அவன் அவர் பின்னால் நடந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடக்கமான புள்ள என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

தையல்நாயகி அடுப்படியில் இருந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்து, அவனைப் பார்த்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வாப்பா," என்றாள் பிறகு, சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற குரலில்.

அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. பக்கிரிசாமி, ரெஜினா டீச்சர், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். தையல்நாயகி எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அன்னிக்குப் போனேன்ல, மணி அடிச்சேன், அடிச்ச கை எடுக்கல, கதவத் தொறந்துட்டான். ஏம்மா இந்தக் குளிர்ல வந்தேன்னு ஒரே சத்தம். இல்லப்பா?"

"ஆமாம்மா," என்றான் மதிவாணன்.

"என்னய உக்கார வச்சு, காலத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டான். வேணாம்டா வேணாம்டான்னா கேக்கல. இல்லப்பா?"

"ஆமாம்மா."

"என்ன தம்பி சமைச்சுப் போட்ட அம்மாவுக்கு?" என்று கேட்டார் ரெஜினா டீச்சர்.

மதிவாணன் அம்மாவைப் பார்த்தான். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"உப்புமா," என்றாள் தையல்நாயகி. "உப்புதான் கொஞ்சம் கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். "ஆம்பள சமைச்சா அப்படித்தான்," என்றார் பக்கிரிசாமி. மதிவாணனும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தான்.

அவர்கள் போன பிறகு அவள் தம்ளர்களைப் பொறுக்கி எடுத்து வைத்தாள். தட்டில் நாலு இட்டிலி வைத்து, சட்னி ஊற்றி, அவன் முன்னால் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"அம்மா, அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்."

"தெரியும். போன் அடிச்சுச்சு. நீ அமுக்குனது கேட்டுச்சு."

"அப்புறம் ஏம்மா ஊருல இப்படியெல்லாம்..."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அவள் புடவை முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏன்ப்பா தொறக்கல?" என்றாள். "சுபாவுக்கு நான் வந்தா புடிக்காதா?"

"அய்யோ, அவ அப்படியெல்லாம் இல்லம்மா. அவதான் பக்கத்து வீட்டம்மாவ அனுப்புனா."

"வேல எதும் போயிடுச்சா? கஷ்டமா?"

"இல்லம்மா."

"எம் மேல கோவமா?"

"இல்ல."

"பின்ன?"

பதினேழு மணி நேரம் யோசித்தும் கிடைக்காதது அப்போதும் கிடைக்கவில்லை. "தெரியலம்மா," என்றான்.

அவன் எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் அவள் அதை வாங்கிக்கொண்டிருப்பாள். அத்தனை காரணத்துக்கும் அவளிடம் ஒவ்வொரு சமாதானம் தயாராக இருந்தது. இதற்குத்தான் இல்லை. பிறகு, திட்டுகிற மாதிரியும் இல்லாமல், மன்னித்த மாதிரியும் இல்லாமல், அவனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதன்முதலாகத் தெரியப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

"ரொம்பக் குளிருச்சுப்பா."

வெளியே பக்கிரிசாமி யாரையோ நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். பதினேழு மணி நேரம்யா, கால் எப்படி வீங்கிருக்கு தெரியுமா, அம்மாவப் பாக்கணும்னு வந்துருக்கு என்று அவர் சொல்வது ஓட்டுக்கூரை வரைக்கும் எட்டியது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்புடு, ஆறுது," என்றாள் தையல்நாயகி.